தேதி போடாத மரை

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருவதற்குள் பேர்னாட் இந்த வழக்கை இரண்டு தடவை முடித்துவிட்டான். முதல் தடவை பம்பலப்பிட்டிச் சந்தியில், சிவப்பு விளக்குக்கு நின்றபோது. அடுத்த தடவை புறக்கோட்டையில், வெங்காய லொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டபோது. இரண்டு தடவையும் குற்றவாளி ஒரே ஆள்தான்.

"வெல்டிங்காரன்தான் மிஸ். சும்மா மண்டையை உடைக்காதேங்கோ. உங்களை அங்க இறக்கிவிட்டிட்டு நான் பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வாறன். அதுக்கிடையில அவன் ஒத்துக்கொண்டிருப்பான்."

பின்சீட்டில் இருந்த ரஜனி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எது தானாக எரிந்த கடை, எது எரிக்கப்பட்ட கடை என்று பார்த்து அலுத்துப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்புக்கு மேலே சின்னக் கந்தோர் போட்டுத் துப்பறிகிறவள் அவள். ஒருநாள் தற்செயலாகப் பேர்னாட்டின் திரீவீலரில் ஏறினாள். பிறகு வேறொன்றிலும் ஏறவில்லை. சாரதி, எடுபிடி, சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பாளன், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன் என்று அவனுக்கு நாலு உத்தியோகம். நாலாவதை அவன் லீவு போடாமல் பார்த்துவந்தான்.

வழக்கு காலையில்தான் வந்தது. வெள்ளவத்தையிலேயே கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருக்கிற நேசமலர் கூப்பிட்டிருந்தாள். அறுபது தாண்டிய மனுஷி. புருஷன் இராசரத்தினம் நெஞ்சுவலி வந்து இறந்து முப்பத்தாறு நாள். கட்டடப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றபிறகு மனிதர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஜிந்துப்பிட்டி வெல்டிங்காரன் கிருஷ்ணராஜைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு சீ.என்.சி. மிசின் கட்டினார். கம்பியூட்டரில் கீறுகிற கோட்டிலேயே மரத்தை வெட்டிச் செதுக்குகிற மிசின். வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பிறகுதான் அந்த அறைக்குப் போனனான்" என்றாள் நேசமலர். "மிசின் நிக்குது. என்ர பிள்ளை அனுப்பின மரைத்தண்டு ரெண்டையும் காணேல்லை. அந்த இடத்தில தையல் மிசின் வார் மாதிரி ஒரு கறுப்பு வார் கிடக்கு."

பேர்னாட் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த மரை காட்டில் கொம்போடு திரிகிற மான். "மரை சுடுறது குற்றமெல்லோ அம்மா?" என்று கேட்டுவிட்டான்.

"திருகாணியில இருக்கிற மரை, பேர்னாட்" என்றாள் ரஜனி, அவன் பக்கம் திரும்பாமலே. "ஒரு ஆள் உயரத் திருகாணி எண்டு வையுங்கோ. அது சுத்தச் சுத்த மிசின்ர தலை முன்னும் பின்னும் போகும். சொல்லுங்கோ அம்மா."

"போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறி, தேருக்கு முதல் ஒருநாள், அவர் கை முழுக்கக் கிறீசோட வந்தார். 'மரையைக் கழட்டிப்போட்டன்' எண்டார். சாப்பிடாமல் போய்ப் படுத்திட்டார். கழட்டினது அவர்தான். இப்ப அதுகள் எங்க எண்டு தெரியேல்லை. கிருஷ்ணராஜ் வித்துப்போட்டான் எண்டு என்ர தமையன் பொலிசுக்குப் போக நிக்கிறார்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"ஆர் வச்சிருந்தாலும் வச்சிருக்கட்டும். அதைக் கழட்டின நாள் எது? அந்த நாள் எனக்கு வேணும், பிள்ளை. இந்தமுறை நல்லூர்த் தேருக்கு முதல் வேணும்."

தேருக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தேருக்கும் தண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப் பேர்னாட் வாயைத் திறந்தான். ரஜனி பேனாவால் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தண்டை அனுப்பிய மகன் ராகுலன் நாலு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறானாம். விசா இல்லை, ஒளித்திருந்து வேலை செய்கிறான். கூட இருந்தவன் போன் பேசிப் பிடிபட்டதிலிருந்து போனைத் தொடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கடிதம் கொடுத்துவிடுவான். தகப்பன் அதைக் கொட்டாஞ்சேனையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். தகப்பன் போனபிறகு கடிதம் வரவில்லை.

மாதிரிக்கு இரண்டு கடிதம் காட்டினாள். பேர்னாட்தான் வாங்கி வாசித்தான். முதலாவது இரண்டு வருடம் பழையது.

*அன்புள்ள அப்பா அம்மா, நான் சுகமாக இருக்கிரேன். அப்பாவின் மிசினுக்கு மறைத்தண்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிரேன். ஒரு அண்ணை வரும்போது குடுத்துவிடுவேன். அப்பா வார் போட்டு வேலையைக் கெடுக்கவேண்டாம்.*

"மறைத்தண்டு!" பேர்னாட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தம்பி தான் ஒளிச்சது காணாதெண்டு தண்டையும் மறைச்சு அனுப்பியிருக்கிறார்."

நேசமலரும் கொஞ்சம் சிரித்தாள். "சின்னனில இருந்தே அவனுக்கு எந்த இடத்தில எந்த ர எண்டு பிடிபடாது. இங்கிலிஷ் மீடியத்தில விட்டது எங்கட பிழை. அவர் எத்தினை தரம் குட்டியிருப்பார். ஒரு பிழை கண்டாலும் அவருக்குப் பத்தியம் முறிஞ்ச மாதிரி."

மற்றது நாலு மாதத்துக்கு முன் வந்த கடைசிக் கடிதம். அதே கோணல் எழுத்து, அதே நீல மை.

*அன்புள்ள அம்மா, நான் சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் குறைந்துவிட்டது. மருந்தை நேரத்துக்குக் குடிக்கவும். அப்பாவோடு சண்டை பிடிக்கவேண்டாம்.*

"நல்ல பிள்ளை" என்று சொல்லிக் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தான் பேர்னாட். அவள் அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

புறக்கோட்டையில் வெங்காய லொறி அசைந்தது. ரஜனி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"சாமான் காணாமல் போனா எல்லாரும் ஆர் எடுத்தது எண்டு கேப்பினம். இல்லாட்டி எங்க கிடக்கு எண்டு கேப்பினம். எப்ப எண்டு மட்டும் கேட்ட ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டனான்."

"வயசு போனால் அப்பிடித்தான் மிஸ். என்ர மாமியார் மணி என்ன எண்டு கேப்பா. சொன்னா, எந்த நாளில எண்டு கேப்பா."

"அவவுக்கு வயசு போகேல்லை, பேர்னாட். அவ கணக்காக் கேக்கிறா."

தேவாலயத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில், பூட்டிக்கிடந்த ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கிருஷ்ணராஜ் திறப்போடு படியில் காத்திருந்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் கொழும்புக்கு வந்தவன். கை இரண்டிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள். திருடன் என்றால் இப்படித் தலை குனிந்து நிற்கமாட்டான், அல்லது இப்படித்தான் நிற்பான் என்று பேர்னாட் இரண்டு பக்கமும் யோசித்தான்.

"வாங்க மேடம். சேர் வச்சது வச்சபடி இருக்கு. நா ஒண்ணையும் தொடல."

மிசின் ஒரு சாப்பாட்டு மேசை அளவு இருந்தது. அலுமினியச் சட்டம், அதன் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் ஒரு தலை. இரண்டு ஓரத்திலும் பல்லு வைத்த கறுப்பு வார் ஓடியது. சுவரில் ஸ்பேனர், சுத்தியல் என்று ஆயுதங்கள் ஒழுங்காகத் தொங்கின. இராசரத்தினம் எதைச் செய்தாலும் தேதி போடுகிற மனிதர் என்பது பார்த்ததும் தெரிந்தது. சட்டத்தின் உள்பக்கம் முழுக்கப் பென்சிலில் அவருடைய அச்சடித்த மாதிரி எழுத்து. இடது சட்டம் பூட்டியது, தேதி. மோட்டர் இரண்டும் பூட்டியது, தேதி. எண்ணெய் விட்டதற்குக்கூடத் தேதி.

பேர்னாட் நிலத்தில் மல்லாந்து படுத்து, கைவிளக்கை அடித்து ஒவ்வொன்றாக வாசித்தான்.

"மரைத்தண்டு பூட்டியது, ஓகஸ்ட் ஆறு. அடுத்தது, மரைத்தண்டு கழட்டியது..." அவன் நிறுத்தினான். "மிஸ், தேதி இல்லை."

"அழிஞ்சு போச்சோ?"

"அழியேல்லை. போடவே இல்லை. கோடு கீறிப்போட்டு வெறுமையா விட்டிருக்கிறார். அதுக்குக் கீழ, வார் பூட்டியது, ஒக்டோபர் ரெண்டு. அதுக்குத் தேதி கிடக்கு."

எண்ணெய்க்குத் தேதி போட்ட மனிதர் இதற்கு மட்டும் போடவில்லை. ரஜனி சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆயுதப் பலகையில், ஒரு காந்தத்துக்குக் கீழே மடித்த கடதாசித் துண்டு ஒன்று இருந்தது. எடுத்து வாசித்துவிட்டுப் பேர்னாட்டிடம் நீட்டினாள்.

*கிருஷ்ணா, மரையைத் துணியில் சுற்றியாச்சு. மேலே வை. நேசத்தின் கண்ணில் படக்கூடாது.*

அதிலும் தேதி இல்லை.

"இது காட்டு மரைதான் மிஸ்" என்றான் பேர்னாட். "மனிசி சைவம். இவையள் ரெண்டு பேரும் இஞ்ச இருந்து களவா இறைச்சி காய்ச்சியிருக்கினம்."

வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் யாராவது சிரிப்பார்கள். கிருஷ்ணராஜ் சுவரோடு ஒட்டி நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"கிருஷ்ணராஜ்" என்றாள் ரஜனி. "அம்மாவின்ர தமையன் பொலிசுக்குப் போகப்போறார். தண்டை நீங்கள் வித்திட்டீங்கள் எண்டு சொல்லப்போறார்."

"சொல்லட்டும் மேடம்."

"உள்ள போடுவாங்கள்."

"போடட்டும். திருடன்னு சொல்லிட்டுப் போகட்டும். நா சேருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

களவெடுத்தவன் பயப்படுகிறது பொலிசுக்கு. இவன் வேறு எதற்கோ பயப்படுகிறான் என்று பேர்னாட்டுக்கே விளங்கியது. ரஜனி வற்புறுத்தவில்லை. மிசினைச் சுற்றி இன்னொருமுறை வந்து, வாரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பேர்னாட், நீங்கள் வாகனக்காரர். தேக்குப் பலகையைச் செதுக்கிற மிசினுக்கு இந்த வார் காணுமோ?"

பேர்னாட் வாரை இழுத்துப் பார்த்தான். "இதோ? பாரம் வந்தால் இழுபடும் மிஸ். இன்னும் கொஞ்சம் வந்தால் பல்லு வழுக்கும். தேக்குக்கு இது சரிவராது."

"அதைத்தான் மகனும் எழுதியிருந்தவன், வார் போடவேண்டாம் எண்டு. கையில திறமான தண்டு ரெண்டு இருக்கு. அதைக் கழட்டி வச்சிட்டு, மகன் வேண்டாம் எண்ட வாரை இந்த மனிசன் போட்டிருக்கிறார். பல்லைப் பாருங்கோ."

"புதுசு மாதிரிக் கிடக்கு."

"பத்து மாசம் ஓடின வார், ஒரு பல்லும் தேயேல்லை. கீழ இருக்கிற பலகையில ஒரு வெட்டுக் காயமும் இல்லை. மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை." அவள் குனிந்தாள். "ஆனால் நீலப் புள்ளி கிடக்கு. இந்த மிசின் பாரம் தூக்கேல்லை, பேர்னாட். ஏதோ பஞ்சு மாதிரி ஒண்டைத்தான் தூக்கியிருக்கு."

மிசின் தலையில், வெட்டுகிற கத்தி பூட்டவேண்டிய ஓட்டையைச் சுற்றி மெல்லிய ஸ்பொன்ஞ் ஒட்டியிருந்தது. ரஜனி தன்னுடைய பேனாவை எடுத்து அதற்குள் விட்டாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது பொருந்தி நின்றது.

பேர்னாட் பேனாவைப் பார்த்தான். நீல மை, கோணல் எழுத்து. காலையில் வாசித்த கடைசிக் கடிதம் இந்த மிசினில்தான் எழுதப்பட்டிருந்தது.

"ராகுலன் எப்ப செத்தவன், கிருஷ்ணராஜ்?" என்று ரஜனி மெல்லக் கேட்டாள்.

கிருஷ்ணராஜ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் அழுதான். பெரிய ஆம்பிளை அழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேர்னாட் யன்னலைப் பார்த்தான்.

"தண்டு ரெண்டையும் பூட்டி, ஒரு தேக்குப் பலகையில மொத மொத வெட்டிக்கிட்டு இருந்தோம் மேடம். அப்பத்தான் போன் வந்துச்சு. தம்பி கூட இருந்த பையன் பேசுனான். கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்துட்டாராம். அன்னைக்குக் காலையிலயே முடிஞ்சிருச்சாம். சேர் மிசின நிறுத்தல. பலகை வெட்டி முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் ஸ்பேனர எடுத்து தண்டு ரெண்டையும் கழட்டுனாரு. 'பிள்ளை அனுப்பினது, இனி இது வேலை செய்யவேண்டாம்'னு சொன்னாரு."

"அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"'அவள் தாங்கமாட்டாள் கிருஷ்ணா'ன்னாரு. அந்தப் பசங்களே அங்க எல்லாக் காரியத்தையும் முடிச்சுட்டாங்க. இங்க யாருக்கும் தெரியாது. ஆனா கடிதம் வர்ற நாளு வந்துருச்சில்ல? அம்மா கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. சேர் கையால எழுதிப் பாத்தாரு. நாப்பது வருசம் படம் வரைஞ்ச கை. நேரா, அச்சடிச்ச மாதிரித்தான் வருது. அப்பத்தான் தம்பியோட பழைய கடிதத்தையெல்லாம் கம்பியூட்டர்ல போட்டு, ஒவ்வொரு எழுத்தா எடுத்தாரு. அது எழுதணும்னா மிசின் ஓடணும். எதை வச்சு ஓட்டுறதுன்னுதான் பிரச்சினை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வேலையைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் திடமாக வந்தது.

"அந்தத் தண்ட மறுபடி பூட்ட அவருக்கு மனசு வரல. பஞ்சிகாவத்தையில சாதா மரைக்கம்பி வாங்கிப் போட்டோம். அது பத்து சுத்து சுத்துனா பேனா ரெண்டு சென்டிமீட்டர்தான் நகருது. ஊர்ந்து ஊர்ந்து போயி, போற எடமெல்லாம் மை ஊறிருச்சு. அடுத்தது பல்லு வெட்டுன இரும்புச் சட்டம் போட்டோம். கடகடன்னு ஆடுனதுல கோடெல்லாம் கெழவன் கை மாதிரி நடுங்குச்சு. கடைசியாத்தான் வார். மோட்டர் ஒரு சுத்து சுத்துனா நாலு சென்டிமீட்டர். ஆளு எழுதுற அதே வேகம். மொதக் கடிதம் சரியா வந்தப்போ சேர் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'பார் கிருஷ்ணா, என்ர பிள்ளை எழுதுறான் பார்'னு அழுதாரு."

 கீழே ஒழுங்கையில் பாண்காரனின் வண்டி அதன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. பேர்னாட்டிடம் ஒரு பகிடிகூட மிச்சமில்லை.

கிருஷ்ணராஜ் கதிரையில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு வேட்டி மூட்டையை இறக்கினான். உள்ளே தண்டு இரண்டும் எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தன. ரஜனி துணியை முழுதாக விரித்தாள். நடுமடிப்பில், நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிற கலண்டரின் தாள் ஒன்று இருந்தது. ஜிந்துப்பிட்டிக் கடை ஒன்று கொடுத்த கலண்டர். போன வருடம், ஆவணி, அபரபக்க ஏகாதசி. ஓரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தன் கையால் எழுத முடியாத தேதியை மனிதர் கிழித்து உள்ளே வைத்திருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு மேடம்." கிருஷ்ணராஜ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். "கடைசியா ஓடுனது. எழுதிக்கிட்டு இருக்கும்போதே சேருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. மிசின நிறுத்துனது நான்தான். எரிக்கவும் மனசு வரல."

அதில் ஒரு வரிகூட முழுதாக இல்லை.

*அன்புள்ள அம்மா, நான் சுகமாக இருக்கி*

திரும்பி வருகிற வழியில் பேர்னாட் பொலிஸ்காரனையும் மதிக்காமல் கதைத்துக்கொண்டே வந்தான்.

"சொல்லக்கூடாது மிஸ். அவர் செத்தும் காப்பாத்தின விசயம். தண்டைக் குடுப்பம். சத்தம் கூட எண்டு கழட்டினவராம் எண்டு சொல்லுவம். தேதியைக் குடுப்பம், தேதியால ஒண்டும் தெரியாது. கிருஷ்ணராஜின்ர பேரும் தப்பும். இந்தத் தாளை என்னட்டத் தாங்கோ, நான் எரிச்சுப்போடுறன்."

"உங்களுக்குப் பொய் வடிவா வரும், பேர்னாட். நீங்களே சொல்லுங்கோ" என்று தாளை அவனிடம் கொடுத்துவிட்டாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வெள்ளவத்தை வரும்வரை அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நேசமலர் தேத்தண்ணி கொடுத்தாள். தண்டு இரண்டையும் மடியில் வாங்கி, கைக்குழந்தையைப் பிடிப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பேர்னாட் தொண்டையைச் செருமினான்.

"களவு ஒண்டும் இல்லை அம்மா. கிருஷ்ணராஜ் பத்திரமா வச்சிருந்தவர். ஐயாதான் கழட்டினவர். சரியான சத்தமாம். அக்கம்பக்கத்தில சண்டைக்கு வந்தவையாம். அதாலதான் வாரைப் போட்டு..."

"தம்பி" என்றாள் அவள். "காலமை ரெண்டு கடிதம் வாசிச்சனீங்கள். ஒண்டுக்குச் சிரிச்சனீங்கள். மற்றதுக்கு ஏன் சிரிக்கேல்லை?"

இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். *இருக்கிரேன்.* புதியதில் அதே சொல்லின் மேல் மற்ற விரலை வைத்தாள். *இருக்கிறேன்.*

பேர்னாட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். சரியாக இருந்ததால்தான் அவன் கண்ணில் படவில்லை. பிழையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனுக்கு, பிழை இல்லாததைப் பார்த்து அழத் தெரிந்திருக்கவில்லை.

"என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்க ஒருநாளும் இந்தச் சொல்லைச் சரியா எழுதினதில்லை" என்றாள் நேசமலர். "போன வருசம் ஒக்டோபரில வந்த கடிதத்தில முதல்தரம் சரியா எழுதிக்கிடந்துது. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. அவன்ர எழுத்தைக் களவெடுக்க அவருக்குத் தெரிஞ்சுது. பிழை விட மட்டும் தெரியேல்லை. பாவம், அந்த மனிசனுக்கு அது வராது."

"அம்மா, நீங்கள் கேட்டிருக்கலாமே" என்றான் பேர்னாட். 

"கேட்டால் நிப்பாட்டியிருப்பார். கடிதம் கொண்டுவாற நாளிலதான் தம்பி அவர் வடிவாச் சாப்பிட்டவர். இந்தக் கதிரையில இருப்பார். நான் சத்தமா வாசிப்பன். கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். அவர் எனக்காக எழுதுறன் எண்டு நினைச்சார். நான் அவருக்காக வாசிச்சனான்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எப்பவோ ஒருநாள் தானாச் சொல்லுவார் எண்டு இருந்தனான். சொல்லாமலே போட்டார். அவருக்கு எல்லாம் செய்தாச்சு. என்ர பிள்ளைக்கு முதல் வருச ஆட்டைத் திவசம் குடுக்கவேணும். அந்தத் திதி தேருக்கு முதல் திரும்பி வரும். செத்த திதி தெரியாமல் நான் ஐயரிட்ட என்னெண்டு போய்ச் சொல்லுறது? தமையனிட்டக் கேக்கேலுமோ? அவர் சாப்பிடாமல் படுத்த அண்டைக்குத்தான் சேதி வந்திருக்கும். மிசினில தேதி கிடக்கும் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான். எல்லாத்துக்கும் தேதி போடுற மனிசன்."

ரஜனி கைப்பையைத் திறந்து கலண்டர்த் தாளை எடுத்து அவள் கையில் வைத்தாள். நேசமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். உதடு அசைய இன்னொருமுறை வாசித்தாள். பிறகு விரல் மடித்து எண்ணினாள்.

"ஏகாதசி. இன்னும் ஒன்பது நாள் கிடக்கு" என்றாள். "பிந்தேல்லை, பிள்ளை. பிந்தேல்லை."

இத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. ரஜனி எழுந்து பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கணவனுக்கு அழுத வீட்டில் ஒரு வருடம் பிந்தி மகனுக்கும் சேர்த்து அழுதார்கள். வெளியே கடற்கரை ரயில் வந்து, யன்னல் கண்ணாடி நடுங்கிப் பிறகு நின்றது.

அழுகை ஓய்ந்தபோது, எரிக்கிறேன் என்று வாங்கிய தாளைப் பேர்னாட் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ரஜனியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"இது கடைசியா எழுதினது அம்மா. முடியேல்லை."

நேசமலர் தாளை விரித்து மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் நீவினாள். அந்த அரைகுறைச் சொல்லை வெகுநேரம் பார்த்தாள்.

"பேனை இருக்கோ தம்பி?"

பேர்னாட் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். மிசின் நிறுத்திய இடத்திலிருந்து, மகனுடைய கோணல் எழுத்து மாதிரியே, அவள் மெதுவாக எழுதினாள். *ரேன்.* பிறகு தாளைத் தூக்கிப் பிடித்து, எதிரில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்து, எப்போதும் வாசிக்கிற மாதிரிச் சத்தமாக வாசித்தாள்.

"அன்புள்ள அம்மா, நான் சுகமாக இருக்கிரேன்."